போலிச் சலான் செயலியில் சிக்கிய அப்பாவின் போன்: பட்டன் போனுக்கு மாற்றிவிடலாமா?

துறையூர்ப் பெண் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 71. அம்மாவுடன் துறையூரில் இருக்கிறார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன்.

சென்ற வாரம் அவருடைய வாட்ஸ்அப்புக்கு, பல ஆண்டுகளாகப் பழகும் நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து, "ஆர்டிஓ சலான்" என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. உங்கள் வண்டி சிக்னலை மீறியுள்ளது, புகைப்பட ஆதாரத்தைக் காண இதைத் திறக்கவும் என்று கீழே எழுதியிருந்ததாம். அப்பா மாதத்தில் ஓரிரு முறை ஸ்கூட்டரில் திருச்சி வரை போய் வருபவர் என்பதால் உண்மை என்றே நம்பிவிட்டார். திறந்தபோது போன் கேட்ட அனுமதிகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார். வண்டி எண்ணைக் கேட்ட பிறகு, சரிபார்ப்புக்காக 1 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் வந்திருக்கிறது. அதில் ஏடிஎம் கார்டின் 16 எண்கள், காலாவதி மாதம், பின்புறம் உள்ள மூன்று இலக்க எண் ஆகியவற்றைப் பதிந்திருக்கிறார். அதன் பிறகு பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. செயலியின் படமும் திரையில் இல்லை.

மறுநாள் காலையில் கணக்கைப் பார்த்தால், இரவில் இரண்டு முறை ஆன்லைன் கொள்முதலாகப் பணம் போயிருந்தது. ஓடிபி எதுவும் தன் போனுக்கு வரவே இல்லை என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். 7.40க்கு வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துச் சொல்லிவிட்டார். கார்டை முடக்குகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ஆனால் 8.15க்கு மூன்றாவதாக ஒரு தொகை போயிருக்கிறது. பிறகு சைபர் குற்றப் புகார்களுக்கான 1930 எண்ணில் புகார் செய்து ஒப்புகை எண்ணும் வாங்கிவிட்டோம். கிளைக்கு நேரில் போனபோது, "கார்டு எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், வங்கி என்ன செய்ய முடியும்?" என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வீட்டில் இதே பேச்சுதான். அண்ணன் ஐபோன் வாங்கித் தரலாம் என்கிறார். அண்ணி, பட்டன் போனே போதும், தொல்லை விட்டது என்கிறார். அப்பா போனைத் தொடவே மறுக்கிறார். பேரனின் படங்களைப் பார்ப்பதும் பழைய மாணவர்களோடு பேசுவதும் அந்தப் போனில்தான் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் போனை இனிப் பயன்படுத்தலாமா? எந்த ஏற்பாடு நல்லது? கிளையில் சொன்னது சரிதானா?


கைபேசிப் பழுதுநீக்குநர், திண்டுக்கல்

சகோதரி, மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். இதைப் படித்தவுடன் அந்தப் போனிலிருந்து சிம்மை வெளியே எடுத்து, வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு பட்டன் போனில் போடச் சொல்லுங்கள். வைஃபையையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். கார்டை முடக்கிவிட்டதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. அந்தச் செயலி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஓடிபி வரவே இல்லை என்று உங்கள் அப்பா சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இவ்வகைச் செயலி முதலில் கேட்பது குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை. சிலவற்றில், தன்னையே போனின் முதன்மைக் குறுஞ்செய்திச் செயலியாக வைக்கும்படியும் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால், வருகிற ஓடிபி போனின் உரிமையாளர் கண்ணில் படாமலே வேறோர் இடத்துக்குப் போய்விடும். கார்டு விவரங்கள் அந்த 1 ரூபாய்ப் பக்கத்தின் வழியே போய்விட்டன, ஓடிபி செயலியின் வழியே போய்விட்டது. ஆன்லைனில் வாங்க வேறென்ன வேண்டும்?

செயலியின் படம் திரையில் இல்லை என்பதால் அது அழிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அமைப்புகளில் செயலிகளின் முழுப் பட்டியலைத் திறந்து பார்த்தால், பெயரே இல்லாமலோ, "சிஸ்டம் அப்டேட்" போன்ற பொதுப்பெயரிலோ ஒன்று இருக்கும். என் கடைக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. முதலில் நிறுவப்படுவது வெறும் வாசல்காரன். "புதுப்பிக்கவும்" என்று ஒரு பொத்தானைக் காட்டி, உண்மையான திருட்டுச் செயலியை அதுதான் உள்ளே இறக்கும். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாகப் போனவர்கள் மறு வாரமே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தேடித் தேடி நீக்குவதை விட, போனை முழுமையாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதே நல்லது. அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் தனியே சேமித்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு போனிலிருந்து மாற்றி, அதை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். அழித்த பிறகு போன் அதே கணக்கைக் கேட்கும், கடவுச்சொல் தெரியாமல் கடைக்கு ஓடி வருபவர்கள் பலர். வாட்ஸ்அப் காப்புப்பிரதியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அந்த உரையாடலில் இருக்கும் கோப்பை அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியில் அறியாத கணினி ஏதேனும் இருந்தால் வெளியேற்றிவிட்டு, இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை அமையுங்கள். அழைப்பு அமைப்புகளில், வருகிற அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஓடிபியைக் குரல் அழைப்பாகப் பெறுவதற்காக அதையும் சிலர் செய்துவிடுகிறார்கள்.

போன் திரும்பத் தயாரானதும் ஓர் இடத்தை மட்டும் மறக்காதீர்கள். அமைப்புகளில் "அறியப்படாத செயலிகளை நிறுவுதல்" என்று ஒரு பகுதி உண்டு. அங்கே வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் ஆகிய மூன்றுக்கும் நேரே "அனுமதி இல்லை" என்று இருக்க வேண்டும். சாம்சங் போனாக இருந்தால் "ஆட்டோ பிளாக்கர்" என்ற ஒன்றை இயக்கிவிட்டாலே வெளியிலிருந்து வரும் நிறுவல் கோப்புகள் தடுக்கப்படும். பிளே ஸ்டோரில் இருக்கும் கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் இயக்கத்தில் இருக்கட்டும். குறுஞ்செய்தியைப் படிக்கக் கேட்கும் செயலிகளை வாட்ஸ்அப் வழியாகவோ உலாவி வழியாகவோ நிறுவ முயன்றால் தடுக்கும் வசதியை கூகுள் இந்தியாவிலும் கொண்டுவந்திருக்கிறது. அதை அணைக்கச் சொல்லி எந்தச் செயலியோ ஆளோ கேட்டால், கேட்பவர் யார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

சலான் உண்மையா என்று பார்க்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையும் அங்கே கேட்கும் விவரங்களையும் கொடுத்தால் நிலுவை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அரசு எந்த அபராதத்தையும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பாக, அனுப்புவதில்லை. இதே கோப்பு திருமண அழைப்பிதழ் என்றும், பிஎம் கிசான் என்றும், வங்கியின் கேஒய்சி என்றும் பெயர் மாற்றிக்கொண்டு சுற்றுகிறது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், கோப்பின் பெயர் ஏபிகே (.apk) என்று முடிகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.


ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

மேலே திண்டுக்கல் நண்பர் போனைப் பார்த்துக்கொண்டார். நான் பணத்தைப் பற்றி எழுதுகிறேன். அம்மா, கிளையில் உங்களுக்குச் சொன்னது பாதி மட்டுமே சரி, மீதிப் பாதி உங்களுக்குச் சாதகமானது.

அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. வாடிக்கையாளரின் அலட்சியத்தால், அதாவது கார்டு விவரங்களை அவரே பகிர்ந்ததால் இழப்பு ஏற்பட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும் என்று அதில் உள்ளது. கிளையில் அந்த வரியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வரியில், தெரிவித்த பிறகு நேரும் இழப்பு முழுவதும் வங்கியைச் சேர்ந்தது என்று இருக்கிறது. உங்கள் தந்தை 7.40க்கு அழைத்தார், மூன்றாவது தொகை 8.15க்குப் போயிருக்கிறது. அந்த மூன்றாவது தொகையைப் பொறுத்தவரை அவர் கார்டு எண்ணைக் கொடுத்தாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அவருடைய போனின் அழைப்புப் பதிவை, நேரம் தெரியும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள். போனை அழிக்கும் முன் இதைச் செய்ய வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். அழித்துவிட்டால் கையிலிருக்கும் சிறந்த சான்று போய்விடும்.

முதல் இரண்டு தொகைகளையும் கேட்காமல் விட்டுவிட வேண்டாம். அலட்சியம் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியின் மேல் இருப்பதாக அதே சுற்றறிக்கை கூறுகிறது. ஓடிபியைத் தந்தை யாருக்கும் சொல்லவில்லை, தீங்கிழைக்கும் செயலி திருடியது என்பதை எழுத்தில் குறிப்பிடுங்கள். முழுவதும் கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். கார்டு விவரங்களைப் பதிந்தது உண்மை என்பதால் வங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வாய்மொழியாக அனுப்பி வைத்ததை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பியவருக்கு எதுவுமே கிடைக்காது.

கடிதம் ஒன்று எழுதி, மூன்று பரிவர்த்தனைகளின் நேரம், தொகை, 7.40 அழைப்பு, அப்போது தரப்பட்ட புகார் எண், 1930 ஒப்புகை எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நகலில் முத்திரையுடன் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணைய வழியிலேயே முறையிடலாம். 1930இல் சொன்னதோடு, அந்த ஒப்புகை எண்ணை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் விவரங்களை முழுமையாகப் பதிந்துவிடுங்கள். திருட்டுப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் எஞ்சியிருப்பதை நிறுத்தி வைக்க வழிசெய்வது அந்தப் புகார்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது ஏற்கெனவே ஏமாந்தவர்களைக் குறிவைத்தே நடக்கிறது. சில நாட்களில் யாராவது அழைத்து, சைபர் குற்றப்பிரிவிலிருந்து பேசுகிறேன், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஒரு கட்டணம் கட்ட வேண்டும் என்பார்கள். பணத்தை மீட்டுத் தர எந்த அரசு அலுவலகமும் கட்டணம் கேட்பதில்லை. வங்கியின் சேவை எண்ணையும் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். கார்டின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ உள்ள எண்ணே நம்பத்தக்கது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகளின் இணைய முகவரிகள் "டாட் பேங்க் டாட் இன்" என்ற முடிவுக்கு மாறியிருக்கின்றன. தளத்தைத் திறக்கும்போது அந்த முடிவு இருக்கிறதா என்று பார்க்கலாம்.


கொள்ளிடக்கரை

மற்றவர்கள் மாறுபடலாம், ஆனால் என் ஓட்டு உங்கள் அண்ணிக்கே. 70 வயதுக்கு மேல் இருப்பவர் கையில் வங்கியையும் உலகத்தையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, பத்திரமாக இருங்கள் என்று பாடம் எடுப்பது நியாயமில்லை. என் மாமனாருக்குப் பட்டன் போன்தான். நிம்மதியாக இருக்கிறோம்.


ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

ஐயா, பெட்டியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கும் உடன்பாடே. தீர்வில்தான் மாறுபடுகிறேன். பட்டன் போனுக்கும் குரல் அழைப்பு வரும்; ஓடிபியும் வரும்; மிரட்டினால் அதை வாசித்துக் காட்டவும் முடியும். போலீஸ் போல நடித்து, வீடியோ அழைப்பிலேயே கைது செய்திருப்பதாக மிரட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் கைது" மோசடி பல நேரங்களில் சாதாரண அழைப்பில்தான் தொடங்குகிறது: உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் என்று. பிறகுதான் வீடியோவுக்கு இழுப்பார்கள். பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று விளக்க வேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது. அதில் சிக்கியவர்களில் பலர் படித்தவர்கள், உயர்பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். பயந்தவர் வங்கிக்கு நேரில் போய், வைப்புத்தொகையை முடித்துக்கூட அனுப்பியிருக்கிறார். போன் எந்த ரகம் என்பது அங்கே எதையும் தடுக்கவில்லை.

எனவே பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள் என்பேன். ஓய்வூதியக் கணக்கில் பதிவான எண்ணின் சிம் பட்டன் போனில் இருக்கட்டும். அந்தக் கணக்குக்கு யுபிஐ வேண்டாம், நெட் பேங்கிங்கும் வேண்டாம். கார்டில் ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அணைத்துவிடலாம். விருப்பப்படி இயக்கவும் அணைக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இலேயே வங்கிகளுக்கு விதித்துவிட்டது. அது முன்பே அணைந்திருந்தால் உங்கள் தந்தையின் 16 எண்களை வைத்துக்கொண்டு அவர்களால் எந்த இணையக் கடையிலும் வாங்கியிருக்க முடியாது. வைப்புத்தொகை இருந்தால், அதை இணையத்தில் முன்கூட்டியே முடிக்கவோ அதன்மேல் கடன் எடுக்கவோ இயலாதபடி செய்ய முடியுமா என்று கிளையில் கேளுங்கள். வேறோர் எண்ணில் இன்னொரு சிறு கணக்கைத் தொடங்கி, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, ஸ்மார்ட்போனில் யுபிஐக்கு அதை வைத்துக்கொள்ளட்டும். அப்போது ஒரு தவறான தட்டல் அந்த மாத மளிகைப் பணத்தோடு நின்றுவிடும்.

ஒரு சிறு தொல்லை இதில் உண்டு. பட்டன் போனில் இருக்கும் சிம்மை ரீசார்ஜ் செய்ய மறந்து, அது நீண்ட காலம் பயன்பாடின்றிக் கிடந்து முடங்கினால், அந்த எண் வேறொருவருக்குப் போய்விடக்கூடும். வங்கியில் பதிவான போன் எண் அந்நியர் கைக்குப் போவது புதிய ஆபத்து. அதனால் அந்த ரீசார்ஜை நீங்கள் ஓசூரிலிருந்தே செய்துவிடுவது நல்லது.


துறையூர்ப் பெண்

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. சிம்மை நேற்று மாலையே அம்மாவின் பழைய பட்டன் போனுக்கு மாற்றிவிட்டார்கள். அழைப்புப் பதிவையும் படம் எடுத்துவிட்டோம். செயலிப் பட்டியலில் பெயரில்லாமல் ஒன்றும், "அப்டேட்" என்று ஒன்றும் இருந்தன. நீங்கள் சொன்ன அதே இரண்டு! இரண்டு போன் என்றதும் அப்பாவே, "அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டார். அண்ணன் மட்டும் ஐபோனை விடுவதாக இல்லை. வாங்கலாமா? மேலும், அப்பாவின் எண்ணிலிருந்து அதே சலான் கோப்பு அவருடைய தொடர்பில் உள்ள பலருக்குப் போயிருப்பதாக இன்று தெரிய வந்தது. அதற்கு என்ன செய்வது?


கைபேசிப் பழுதுநீக்குநர், திண்டுக்கல்

ஐபோனில் ஏபிகே கோப்பு நிறுவப்படாது என்பது உண்மை. இந்த ஒரு வகை மோசடிக்கு அது நல்ல தடுப்பு. ஆனால் 1 ரூபாய்ப் பக்கம் ஐபோனிலும் திறக்கும், கார்டு எண்ணை அங்கேயும் பதிய முடியும். எழுத்து அளவு, பொத்தான்கள், தமிழ்த் தட்டச்சு என்று எல்லாமே புதிதாக இருப்பதால், பழகும் வரை ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கும். அந்தப் பையன் கையில் போனின் கடவு எண் போவதும் எனக்கு உவப்பான விஷயமில்லை.

பழைய போனையே வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு ஒரே சோதனை: அமைப்புகளில் "பாதுகாப்புப் புதுப்பிப்பு" என்ற இடத்தில் எந்தத் தேதி காட்டுகிறது? சில மாதங்களுக்குள் இருந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு பழையதாக இருந்தால் மாற்றிவிடலாம். புதிதாக வாங்கும்போது கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதை விட, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறினால் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். இப்போது குறைந்த விலைப் போன்களிலும் 6 ஆண்டு தருவதாக அறிவித்த மாடல்கள் உண்டு. அதே விலையில் 2 ஆண்டோடு கைவிடப்படுபவையும் உண்டு.

சிறு கணக்கைத் தனியே தொடங்க அப்பாவுக்கு விருப்பமில்லை என்றால் யுபிஐ சர்க்கிள் என்ற வசதியைப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்தே அப்பா செலவு செய்யலாம்; ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படியோ, மாதம் அதிகபட்சம் 15,000 ரூபாய் வரம்புக்குள் அவரே செலுத்தும்படியோ அமைக்கலாம். ஆனால் தன் பணத்தைத் தானே செலவு செய்து பழகிய ஆசிரியருக்கு, மகளின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

கோப்பு போன விஷயத்தில் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். அப்பாவின் எண்ணிலிருந்து "அதைத் திறக்காதீர்கள்" என்று செய்தி அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் மோசடி என்றே நினைப்பார்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியதாக இருக்கும் கோப்பை "அனைவருக்கும் நீக்கு" என்று கொடுத்துப் பாருங்கள், நேரம் கடந்திருந்தால் அது முடியாது. பிறகு பட்டன் போனிலிருந்து அப்பாவே ஒவ்வொருவரையும் அழைத்து, குரலில் சொல்லட்டும். முதலில் அவருக்கு அனுப்பிய அந்த நண்பரையும் அழைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் போனிலும் இது இன்னும் உள்ளே இருக்கலாம், அவருக்கே தெரியாமல். வயதில் மூத்தவர்களையும், தனியாக இருப்பவர்களையும் முதலில் அழைப்பது நல்லது.